டெரெக்கிடம் ஒரு வார்த்தை

என் மனைவி மோகனப்ரியா இங்கிலாந்து போகாமல் போனதற்கு அவளுடைய அப்பாதான் காரணம் என்று கந்தர்வக்கோட்டையில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். என் மாமனார் ஆண்டியப்பன் மேல் எனக்கு வேறு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் பாவம், தலையில் அடித்துக்கொண்டவர். செய்தது முழுக்க அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து தயிர்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்த நான் அதற்குச் சாட்சி.

என் பேர் எழிலரசன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உரக்கடை வைத்திருக்கிறேன். ப்ரியா சென்னையில் இருக்கும் ஒரு ஐ.டி. கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கொரோனா சமயத்தில் ஊருக்கு வந்தவளை அவர்கள் திரும்பக் கூப்பிடவில்லை, அவளும் போகிறேன் என்று கேட்கவில்லை, அப்படியே எங்களுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. அவள் பார்ப்பது இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பக்கம் ஓடும் ஒரு பஸ் கம்பெனியின் வேலை. எந்த டிரைவர் எந்தப் பஸ்ஸை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கும் சாப்ட்வேர். புதுக்கோட்டை பஸ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த ஊர்ப் பஸ்ஸை நேரத்துக்கு ஓட வைக்கிறாள் என்று நான் கேலி செய்வதுண்டு.

அந்த சாப்ட்வேரை அங்கே இருபது வருஷமாகக் கட்டிக் காப்பவர் டெரெக். அவரும் இப்போது ப்ரியாவின் கம்பெனி ஆள்தான். பஸ் கம்பெனிக்காரர்கள் கம்ப்யூட்டர் வேலையையெல்லாம் இவர்களிடம் விட்டபோது, மேஜை நாற்காலியோடு சேர்த்து அவரையும் தள்ளிவிட்டார்கள். அறுபதை நெருங்கும் வயது. வெயில் காலத்திலும் ஸ்வெட்டர். கையில் எப்போதும் பஸ் படம் போட்ட டீ கப். "உங்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மாற்றுக்கு ஒருவர் வேண்டாமா, அந்தப் பெண்ணுக்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுங்கள்" என்று கம்பெனி அவரிடம் சொல்லியிருந்தது. அவரும் தினமும் நமக்கு மத்தியானம் ஆகிற நேரத்தில், அவருக்குக் காலையில், வீடியோவில் வந்து சொல்லிக் கொடுப்பார்.

அதை வெறும் பாடம் என்று சொல்ல முடியாது. பனி விழுந்தால் ஒரு மேட்டில் பஸ் ஏறாது, அன்றைக்கு அந்த ரூட்டைச் சுற்றிவிட வேண்டும், அதற்குத் தனியாக ஒரு விதி எழுதி வைத்திருப்பார். ஒரு டிரைவருக்கு மட்டும் வெள்ளிக்கிழமை சாயந்திரம் டூட்டி விழாது. ஏன் என்று ப்ரியா கேட்டாள். அந்த டிரைவருடைய மனைவிக்கு அன்றுதான் டயாலிசிஸ் என்றார். அந்த ஆள் வந்து கெஞ்சினாராம், இவர் யாரிடமும் கேட்காமல் உள்ளே எழுதிவிட்டாராம். பேசுவதெல்லாம் இங்கிலீஷ்தான், எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். கேட்கக் கேட்க எனக்கே அந்த மனுஷனைப் பிடித்துப்போனது.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள் சென்னையிலிருந்து ப்ரியாவின் மேனேஜர் ரகுநாத் கூப்பிட்டார். ஷெஃபீல்டுக்கு ஆன்சைட், அதாவது அங்கேயே போய் உட்கார்ந்து பார்க்கிற வேலை. கம்பெனி தன்னுடைய இந்திய ஆளைத் தன்னுடைய வெளிநாட்டு ஆபீசுக்கே மாற்றிக்கொள்வதற்கென்று ஒரு விசா இருக்கிறது, அதில் போகலாம், புருஷனையும் கூட்டிப் போகலாம் என்றார். அந்த விசாவுக்குக் கொடுத்தாக வேண்டிய குறைந்தபட்சச் சம்பள வரம்பை ஜூலையில் இங்கிலாந்து அரசாங்கம் உயர்த்தப்போகிறது, உயர்ந்தால் கம்பெனிக்குக் கட்டாது, அதற்குள் விண்ணப்பம் போட்டாக வேண்டும் என்று ஒரே அவசரம்.

"டெரெக் இருக்காரே சார்?" என்று ப்ரியா கேட்டாள்.

"அவரை ரிலீவ் பண்றோம்மா. நீங்கதான் அவர் பொசிஷன். அங்க லோக்கல்ல இந்த ஸ்கில் கிடையாதுன்னு காட்டித்தான் அப்ளிகேஷன் போகுது" என்றார் ரகுநாத்.

போனை வைத்துவிட்டு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை அது. "நான் கத்துக்கிட்டது பூரா அவரு சொல்லிக்குடுத்ததுங்க. அது அங்க யாருக்குமே தெரியாதாம்" என்றாள்.

எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. மனம் அப்போதே விமானத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது. மறுநாளே திருச்சிக்குப் போய் இரண்டு பேருக்கும் தடித்தடியாக ஸ்வெட்டர் வாங்கி வந்தேன். யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் இங்கிலாந்தில் எவ்வளவு குளிரும் என்று பிரசங்கம் செய்தேன். கடையில் வேலை பார்க்கும் கண்ணனிடம் "நான் போனப்புறம் நீதான்டா பாத்துக்கணும்" என்று சொல்லி, அவனை என் நாற்காலியில் உட்காரப் பழக்கினேன். அந்தப் பயலும் காலாட்டிக்கொண்டு நன்றாகவே உட்கார்ந்தான். எனக்கு இந்த ஊர் அலுத்துப்போயிருந்தது, உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம்? பிறந்ததிலிருந்து பார்த்த அதே ரோடு, அதே மூஞ்சிகள். மனைவி புண்ணியத்தில் ஒரு புது ஊரைப் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கிப்போயிருந்தேன்.

இந்த இடத்தில் முந்திரித் தோப்பைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் மாமனார் தோப்புகளைக் குத்தகைக்கு எடுப்பவர். அவர்கள் ஊர்ப் பக்கத்தில் தோப்பு கை மாறும்போது ஒரு முறை உண்டு. தோப்புக்குச் சொந்தக்காரர் பழைய குத்தகைக்காரரைக் கூப்பிட்டு, அடுத்த வருஷம் வேறு ஆளுக்கு விடப்போகிறேன் என்று சொல்லிவிடுவார். அதில் வருகிற சண்டையெல்லாம் அவர்கள் பாடு. அது அடங்கிய பிறகு, புது ஆள் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து எடுத்துக்கொண்டு பழைய ஆளின் வீட்டுக்குப் போக வேண்டும். "ஒங்கள்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று சொல்ல வேண்டும். அவர் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுவிட்டால் சம்மதம். பிறகு அவரே கூட்டிப்போய்த் தோப்பைச் சுற்றிக் காட்டுவார். எந்த மரம் முந்திக் காய்க்கும், வேலியில் எந்த இடத்தில் ஆடு நுழையும், கஜா புயலில் சாய்ந்தும் படுத்தபடியே காய்க்கிற மரம் எது என்று எல்லாம் சொல்லுவார். கேட்காமல் தோப்புக்குள் கால் வைத்தவனிடம் கொட்டை வாங்குகிற வியாபாரிகூட முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

ப்ரியா சின்ன வயதில் அப்பாவின் பின்னாலேயே இப்படிப் பல தோப்புகளைச் சுற்றியவள். ரகுநாத் பேசியதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏங்க, அந்த மனுசன் தெனமும் தோப்பச் சுத்திக் காட்டுறாரு. நான் இன்னும் ஒரு வார்த்தை கேக்கல" என்றாள்.

"ஒங்க ஊரு வழக்கத்தக் கொண்டுபோயி கம்ப்யூட்டர்ல சொருகாத" என்றேன். அதோடு மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

மறக்கவில்லை. ஒரு மத்தியானம் நான் கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தேன். கேமராவில் விழாதபடி கட்டிலோரம் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். டெரெக் திரையில் வந்து டீயைக் குடித்துவிட்டு, இன்றைக்குப் பனிக்கால விதிகளைப் பார்ப்போம் என்றார். ப்ரியா முந்தானையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டெரெக், அதற்கு முன்னால் உங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். உங்கள் இடத்துக்கு நான் வருகிறேன். வரலாமா?"

அவர் புரியாமல் சிரித்தார். "எந்த இடத்துக்கு?"

"உங்கள் வேலைக்கு. ஜூன் மாதம். உங்கள் சம்மதம் இல்லாமல் வர எனக்கு மனம் வரவில்லை."

டீ கப்பைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே" என்றார்.

என் வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. ப்ரியாவின் முகம் வெளுத்துப்போனது. அவள் கணக்கெல்லாம் தோப்புக் கணக்கு. தோப்பில், வெற்றிலையோடு போகிறவன் யாருக்கும் புதுச் செய்தி சொல்வதில்லை. சொந்தக்காரர் முன்பே சொல்லியிருப்பார். அது வெறும் மரியாதைக்குக் கேட்பது. கம்பெனியும் சொல்லியிருக்கும், தெரிந்துதான் அந்த மனுஷன் பெருந்தன்மையாகச் சொல்லிக் கொடுக்கிறார் என்று அவள் நம்பியிருந்தாள். இப்படி ஒரு தப்பை எங்கள் பக்கத்துப் பெண்ணைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாது.

"மன்னித்துக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்" என்று அவள் அழுதாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு அதை மாட்டிக்கொண்டு, "நீயாவது கேட்டாயே" என்றார். அன்றைக்குப் பனிக்கால விதிகளைப் பார்க்கவில்லை.

அன்று சாயந்திரம் விஷயம் மாமனார் காதுக்குப் போனது. டிவிஎஸ் எக்செல்லில் பறந்து வந்தார். மகளைத் திட்டுவார் என்று நானும் ஆவலாகக் காத்திருந்தேன்.

"ஏன் ஆத்தா, தோப்புக்காரன் சொல்றதுக்கு முன்னாடி நீ ஏன் போயி கேட்ட? அதுவும் வெத்தலை பாக்கு இல்லாம வெறுங்கையோட! வெறுங்கையோட கேட்டா எப்படி வெளங்கும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். வெற்றிலையைத்தான் அவர் பெரிய குற்றமாக எடுத்துக்கொண்டார். இவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

டெரெக் நேராகத் தன் தொழிற்சங்கத்துக்குப் போய்விட்டார். எனக்குப் பதிலாக வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவருகிறார்கள், அந்த ஆளுக்கு வேலை சொல்லிக் கொடுத்ததே நான்தான், அப்படியிருக்க இந்தத் திறமை உள்ளூரில் இல்லை என்று எப்படி எழுதலாம் என்று கேட்டார். சங்கம் நெருக்கிப் பிடித்துக் கம்பெனியை ஒரு விசாரணை வைக்கச் செய்தது. ப்ரியாவும் வீடியோவில் வந்து பதில் சொல்ல வேண்டும் என்றார்கள்.

ரகுநாத் குரலே மாறிவிட்டது. "ஒரே ஒரு வரிதாம்மா. கம்பெனில யாரும் அப்படி எதுவும் சொல்லல, நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன்னு சொல்லிடுங்க. அப்ளிகேஷன் நல்லபடியாப் போயிடும். இல்லேன்னா உங்க விசா அவ்வளவுதான், அதுக்கப்புறம் என்னால எதுவும் செய்ய முடியாது" என்றார்.

நானும் அதையேதான் சொன்னேன். சொன்னேன் என்ன, கெஞ்சினேன். "ஒரு வரி ப்ரியா. அவருக்கு அந்த ஊர்ல எப்படியும் வேற வேலை கெடைக்கும். நமக்கு இதவிட்டா வராது."

"அவரும் அந்த மீட்டிங்ல உக்காந்திருப்பாருங்க. மூஞ்சியப் பாத்து எப்படிங்க சொல்லுவேன்?"

"கேமராவ ஆஃப் பண்ணிட்டுச் சொல்லு!"

அவள் எழுந்து போய்விட்டாள். அந்த யோசனை எவ்வளவு கேவலம் என்று எனக்கு அப்போதே தெரிந்தது, ஆனாலும் வாபஸ் வாங்கவில்லை.

விசாரணை நாளன்று நான் கடைக்குப் போகவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு, குலசாமியை வேண்டிக்கொண்டு, காதை மட்டும் அறைப் பக்கம் வைத்திருந்தேன். விசாரிக்கிற பெண்ணின் குரல் நிதானமாகக் கேட்டது: "திரு. டெரெக்கின் இடத்துக்கு நீங்கள் வரப்போவதாக கம்பெனியில் யாராவது உங்களிடம் சொன்னார்களா?"

பால் பொங்கி வழிந்தது, அணைக்கத் தோன்றவில்லை.

"ஆமாம். சொன்னார்கள்" என்றாள் ப்ரியா.

அவ்வளவுதான். என்னுடைய இங்கிலாந்து அந்த அடுப்படியிலேயே முடிந்தது. அவள் வெளியே வந்ததும் கத்தினேன். "அந்த வெள்ளைக்காரன்ட்ட ஒரு வார்த்தை கேக்கத் தெரிஞ்சுச்சுல்ல ஒனக்கு? என்ட்ட கேட்டியா? எங்கூட வாழுறவ, எம்பொழப்பையும் சேத்துத்தான முடிவு பண்ணுன, என்ட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அவள் கண் கலங்கி நின்றாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, ஓங்கி எதையாவது உடைக்க வேண்டும் போலவும் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். கண்ணன் என்னைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்து மூட்டைப் பக்கம் போனான். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. ஸ்வெட்டர்களைப் பீரோவின் அடித்தட்டில் தள்ளினேன். அதற்குப் பிறகு நானும் அவளும் பேசிக்கொண்டோம், சிரித்தோம், ஆவுடையார்கோவில் தேருக்குக்கூடப் போய்வந்தோம். ஆனால் அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே கிடந்தது. நானும் திரும்பக் கேட்கவில்லை, அவளும் பதில் சொல்லவில்லை.

கம்பெனி டெரெக்கை அனுப்பவில்லை. பயந்துவிட்டார்கள். ப்ரியாவைத் தூக்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தோம். ரகுநாத் அதற்குத்தான் அடி போட்டார். டெரெக் குறுக்கே விழுந்து, தனக்கு மாற்றாள் வேண்டுமென்றால் அந்தப் பெண்தான் வேண்டும், வேறு யாருக்கும் சொல்லிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மாதங்கள் ஓடின. மத்தியானப் பாடம் மறுபடி நடந்தது. பனிக்கால விதிகளையும் முடித்தார்கள்.

இந்த வருஷம் தை மாதத்தில், வேலையை விட்டு ஓய்வு பெறப்போவதாக டெரெக் தானாகவே எழுதிக் கொடுத்தார். முட்டி வலியாம். இப்போது அந்த இடம் நிஜமாகவே காலி. எனக்குள் அடங்கியிருந்த ஆசை மறுபடி தலையைத் தூக்கியது. ஆனால் சம்பள வரம்பு எப்போதோ உயர்ந்துவிட்டது. அவ்வளவு கொடுத்து இங்கிருந்து ஆளை அனுப்பக் கம்பெனி தயாராக இல்லை. அந்த ஊர் ஆளை வைக்கவும் தயாராக இல்லை. ப்ரியாவே இங்கிருந்தபடி இங்கத்திய சம்பளத்துக்குப் பார்க்கட்டும் என்று முடித்துவிட்டார்கள். உள்ளூர்க்காரர்களின் வேலையைக் காப்பாற்றத்தான் அந்த விதியெல்லாம் என்று பேப்பரில் போடுகிறார்கள். டெரெக்கின் நாற்காலியில் இனிமேல் அந்த ஊர்க்காரர் யாரும் உட்காரப்போவதில்லை. நாங்களும் கந்தர்வக்கோட்டையை விட்டு நகரவில்லை. என்ன காப்பாற்றினார்களோ!

டெரெக்கின் கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், அவர் ஆபீசிலிருந்து வராமல் போனிலிருந்து வந்தார். பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தார். "நீ பார்க்காத இடத்தை நீ எப்படிப் பார்த்துக்கொள்வாய்? அதனால் கிளம்பி வந்தேன்" என்றார். மாமனாரும் அன்று வீட்டில் இருந்தார். மகள் முன்கூட்டியே சொல்லியிருப்பாள் போல. தோப்பு வேலையைப் போட்டுவிட்டு, பளிச்சென்று வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

டெரெக் போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு நிறுத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். இந்த நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம், ஒரு நிமிஷம் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன், குறைத்துவிடாதே. இதோ அந்த மேடு. ஈரமான கறுப்பு ரோடு செங்குத்தாக ஏறியது, ஓரத்தில் மஞ்சள் பூக்கள். பனி இல்லாததால் பஸ் முக்கிக்கொண்டு ஏறிவிட்டது. கடைசி நிறுத்தத்தில் டிரைவரிடம் போனைக் காட்டினார். தடித்த மீசைக்காரர் ஒருவர் கையை ஆட்டினார். "வெள்ளிக்கிழமை சாயந்திரக்காரர்" என்றார் டெரெக். ப்ரியா இரண்டு கையையும் கூப்பினாள்.

"சுத்திக் காட்டுறாரு மாப்ள" என்று மாமனார் என் காதில் கிசுகிசுத்தார். குரல் தழுதழுத்தது.

டெரெக் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார். "போன முறை நீ என்னிடம் ஒன்று கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. இப்போது கேள்" என்றார்.

மாமனார் மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா. ப்ரியா தட்டை இரண்டு கையாலும் திரைக்கு நேராகப் பிடித்தாள்.

"டெரெக், உங்கள் இடத்தை நான் எடுத்துக்கொள்ளலாமா?"

"எடுத்துக்கொள்" என்றார் அவர். "பத்திரமாகப் பார்த்துக்கொள்." கொஞ்சம் பொறுத்து, "அந்த இலையை நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டார். வாயில் போட்டுக்கொண்டால் சம்மதம் என்று அவள் விளக்கியதும், "என் பங்கை அங்கே யாராவது போட்டுக்கொள்ளுங்கள்" என்று சிரித்தார். கையை ஆட்டினார். திரை அணைந்தது.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு முகம் கழுவப் பின்பக்கம் போனார். ப்ரியா தட்டைக் கீழே வைக்கவில்லை. அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு ஒங்கள்ட்ட கேக்காமலே முடிவு பண்ணிட்டேங்க. தப்புத்தான். ஒங்கள்ட்டதான் மொதல்ல கேட்டிருக்கணும்." தட்டை என்னிடம் நீட்டினாள். "நாம இங்கிட்டே இருந்துருவோமாங்க?"

முடியாது என்றும் சொல்லலாம். நான் அப்படிச் சொல்லிவிட்டாலும் அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வாள் என்று அந்த முகம் சொன்னது. பீரோவின் அடித்தட்டில் கிடக்கும் ஸ்வெட்டர்கள் நினைவுக்கு வந்தன. அந்த ஈரமான கறுப்பு மேடும் வந்தது. அதை நான் நேரில் ஏறிப் பார்க்கப்போவதில்லை.

வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்து மடித்து வாயில் போட்டேன். ப்ரியா உட்கார்ந்து விம்மி விம்மி அழுதாள். சுண்ணாம்பு கூடிப்போய் என் நாக்கு வெந்துவிட்டது. நான் அதைச் சொல்லாமல் மென்றுகொண்டிருந்தேன்.